இடிபாடுகளின் நடுவே ஒரு தனி வணக்கம்

சாய்ந்து நிற்கும் கருங்கற்றூண்கள். அவற்றைப் பற்றிப் படர்ந்த காட்டுக்கொடிகள். அப்பால், மரஞ்செடிகள் மூடிக் குன்றுபோல் தோற்றும் ஒரு பழந்தூபி. மேலே, மாலை வெயில் மங்கிச் செல்லும் வானம். இத்தனைக்கும் நடுவே, விரல் நுனியளவே உள்ள ஓர் உருவம், கைகூப்பி நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கீழைத்தேயங்களுக்கு வந்த ஐரோப்பிய ஓவியர்கள் தீட்டிய நீர்வண்ணச் சித்திரங்களைப் பார்த்துப் பழகியோர் இக்காட்சியை நன்கறிவர். எகிப்து நாட்டுச் சித்திரமாயின் அவ்வுருவம் மேற்கு ஆசியத் தலைப்பாகையுடன் தொழுகை செய்யும். இந்தியச் சித்திரமாயின் பூணூலணிந்து குளக்கரையில் நிற்கும். இலங்கைச் சித்திரமாயின் காவியுடுத்து ஒரு சிலையின் முன் அமர்ந்திருக்கும். உடை மாறுமேயன்றி அமைப்பு மாறுவதில்லை. இடிபாடு பெரிது, மனிதன் சிறியன், அவன் தனியன்.

யார் இந்தத் தனியன்? ஓவியர் உள்ளபடியே கண்டவனா, அல்லது தம் சித்திரத்துக்கு வேண்டுமென்று கற்பனையில் வருவித்தவனா? இந்த வினா ஓவியக் கலைஞரோடு நின்றுவிடுவதன்று. ஊவா மலைகளிலே, தேயிலை மலையின் ஓரத்தில், கல்லொன்றை நட்டு மஞ்சள் பூசி வணங்கிய முன்னோரின் வழிவந்த நமக்கும் இதில் பங்குண்டு. எவ்வாறென்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒற்றை மனிதனின் தொழில்

இடிபாட்டுச் சித்திரங்களில் வரும் மனிதனுக்கு மூன்று தொழில்கள் உண்டு. முதலாவது, அளவு காட்டுதல். அநுராதபுரத்து ஜேதவனத் தூபி மகாசேன மன்னன் காலத்தில் எழத் தொடங்கியது. அது நிறைவுற்ற நிலையில் ஏறத்தாழ 122 மீற்றர் உயரம் உடையதாயிருந்தது என்பர். பண்டை உலகில், எகிப்தின் கீசாவிலுள்ள இரு பெரும் பிரமிட்டுகளுக்கு அடுத்தபடியாக உயர்ந்த கட்டடம் அதுவே. அத்தகைய மாபெருந் தூபியை ஒரு சாண் தாளில் எழுதும்போது, பார்ப்பவர் அதனை வெறும் மேடென்று கருதிவிடக் கூடுமன்றோ? அடியில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டால் அந்த மயக்கம் தீர்ந்துவிடும். வரிசைக்கு நாற்பதாக நாற்பது வரிசைகளில் 1600 கற்றூண்கள் நிற்கும் லோகமகாபாயவின் பரப்பையும் இவ்வாறே உணர்த்தலாம்.

இரண்டாவது தொழில், உணர்ச்சியை எழுப்புதல். அக்கால ஐரோப்பியருக்கு இடிபாடுகளின் மேல் ஒரு தனி மோகம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் செல்வர் சிலர், தம் தோட்டங்களில் பழைய இடிபாடு இல்லையே என்று வருந்தி, புதிதாகவே இடிந்த சுவர்களைக் கட்டுவித்தனர்! நிலையாமையை எண்ணி இனிமையாகத் துயருறுவது நாகரிகமாகக் கருதப்பட்ட காலம் அது. வீழ்ந்த தூணின் அருகே தொழும் மனிதன் அந்தத் துயரத்துக்கு வடிவம் கொடுத்தான்.

மூன்றாவது தொழில் சற்று மறைவானது. அரசுகள் அழிந்தன, நகரங்கள் அழிந்தன, பழைய பக்தி ஒன்றே எஞ்சியது என்று அவ்வுருவம் சொல்லாமற் சொல்லிற்று. புதிதாய் ஆள வந்தோருக்கு அச்செய்தி இனிப்பானது. இந்நாட்டார் ஒரு காலத்தில் பெரியோர். இன்று பிரார்த்திக்க மட்டுமே அறிவர். ஆதலின் ஆளும் பொறுப்பு நமதே என்ற எண்ணத்துக்கு அது துணைபோயிற்று. ஓவியர் எல்லோரும் இவ்வாறு திட்டமிட்டே எழுதினர் என்பது நம் கருத்தன்று. ஆனால் எழுதியோரும் வாங்கியோரும் வாழ்ந்த சூழல் அத்தகையது.

இம்மரபில் வந்தோர் பலர். டேவிட் ரொபர்ட்ஸ் 1838, 1839ஆம் ஆண்டுகளில் எகிப்திலும் புனித பூமியிலும் அலைந்து எழுதினார். பவேரியாவிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய கார்ல் ஹாக் பால்மைராவின் இடிபாடுகளையும் பாலைவனத்து அரபு மக்களையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்றார். தமிழ்நாட்டு மக்களுக்கு இவர்களினும் நெருங்கியவர்கள் தாமஸ் டேனியலும் அவர் தமையன் மகன் வில்லியமும். அவ்விருவரும் 1792ஆம் ஆண்டில் தென்னாட்டில் யாத்திரை செய்து கோயில்களையும் கோட்டைகளையும் வரைந்து சென்றனர். வில்லியத்தின் தம்பி சாமுவேல் டேனியல் இலங்கைக்கு வந்து, இத்தீவின் இயற்கைக் காட்சிகளையும் விலங்குகளையும் மக்களையும் எழுதி 1808இல் ஒரு சித்திர நூலை வெளியிட்டு, 1811இல் இங்கேயே மாண்டார்.

பெல்பாஸ்ட் நகரத்து ஓவியர்

இலங்கையின் புராதன நகரங்களை நீர்வண்ணத்தில் எழுதியோருள் நாம் சிறப்பாக அறிய வேண்டியவர் அன்ட்ரூ நிக்கொல். 1804ஆம் ஆண்டில், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், பாதரட்சை செய்யும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் ஓர் அச்சகத்தில் தொழில் பயின்றார். ஓவியத்தைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றார். அயர்லாந்தின் அன்ட்ரிம் கடற்கரையை எழுதிய சித்திரங்கள் அவருக்கு முதற்புகழ் தந்தன.

அவருக்கு ஆதரவளித்த புரவலர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற். இவரும் அதே 1804ஆம் ஆண்டில் அதே பெல்பாஸ்டிற் பிறந்தவர் என்பது ஒரு வியப்பான ஒற்றுமை. டெனன்ற் 1845இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு நிக்கொல் கொழும்பு அக்கடமியில் ஓவிய ஆசிரியராக அமர்ந்தார். இன்று றோயல் கல்லூரியென வழங்குவது அந்த அக்கடமியே. ஆகவே நம் நாட்டுப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவராகவும் அவரைக் கொள்ளலாம்.

1848ஆம் ஆண்டில் நிக்கொல் தலைநகரை விட்டுப் புறப்பட்டு, ஐந்து வாரம் இலங்கையின் காடுகளினூடே யாத்திரை செய்து சித்திரங்கள் எழுதினார். அந்த யாத்திரையின் வரலாற்றைத் தாமே எழுதி, 1852இல் டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியிட்டார். 1859இல் டெனன்ற் இலங்கையைப் பற்றி இரு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலிலும் நிக்கொலின் சித்திரங்கள் இடம்பெற்றன. அவர் 1886இல் இலண்டனில் காலமானார்.

இலங்கையின் தொல்பொருள் ஆய்வுத் துறை எச்.சி.பி. பெல் என்பாரின் தலைமையில் தொடங்கியது 1890ஆம் ஆண்டில். புகைப்படக் கலைஞர் ஜோசப் லோற்றன் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் அரசாங்கத்துக்காகப் படமெடுத்தது 1870ஆம் ஆண்டையொட்டி. அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை நிக்கொலின் சித்திரங்கள். காடு வெட்டப்படுமுன், செங்கல் புதுப்பிக்கப்படுமுன், அவ்விடங்கள் எவ்வாறு இருந்தன என்பதை நிறத்தோடு காட்டும் சான்றுகள் மிகச் சிலவே. அக்காரணத்தால் அவற்றுக்கு அழகுக்கு அப்பாற்பட்ட ஒரு மதிப்பும் உண்டு.

நீரும் நிறமும்

நீர்வண்ணம் யாத்திரிகர்க்கு ஏற்ற கலை. எண்ணெய் வண்ணத்துக்குத் துணி, சட்டம், எண்ணெய் எல்லாம் வேண்டும். எழுதியது காயப் பல நாட்கள் செல்லும். நீர்வண்ணத்துக்கோ சிறு பெட்டியில் வண்ணக்கட்டிகளும், நல்ல தாளும், இரண்டு மூன்று தூரிகைகளும், ஒரு குவளை நீரும் போதும். வண்ணக்கட்டி என்பது நன்கு அரைத்த நிறப்பொடியைப் பிசினோடு கலந்து உலர்த்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரம் வற்றாத வண்ணங்களும் கடைக்கு வந்தன. இதனாலேயே இராணுவ அதிகாரிகளும் நில அளவையாளரும் இக்கலையைப் பயின்றனர். புகைப்படக் கருவி இல்லாத நாளில் கோட்டையையும் ஆற்றையும் மலையையும் குறித்துவைக்க இதுவே வழி.

இக்கலையின் இரகசியம் தாளின் வெண்மையில் உள்ளது. எண்ணெய் ஓவியர் ஒளியைக் காட்ட வெள்ளை நிறத்தைப் பூசுவார். நீர்வண்ண ஓவியரோ ஒளி விழும் இடத்தைப் பூசாமலே விட்டுவிடுவார். மெல்லிய நிறநீரை ஒன்றன்மேலொன்றாகப் படரவிட, அடியிலுள்ள வெண்மை ஊடுருவி வந்து ஒளியாகத் தோன்றும். நிக்கொல் இன்னுமோர் உத்தியைக் கையாண்டார். பூசிய வண்ணத்தைக் கூரிய கருவியாற் சுரண்டி, கீழுள்ள தாளின் வெண்மையை மீண்டும் வெளிப்படுத்துவார். அவர் எழுதிய காட்டுப்பூக்களும் புல்லிதழ்களும் பளிச்சென்று நிற்பது இதனால்தான். மாணவர் இதனைத் தாமே ஒரு தடித்த தாளில் செய்து பார்க்கலாம்.

வெளிச்சத்தைக் காட்டும் இச்சித்திரங்களுக்கு வெளிச்சமே பகை என்பது விந்தை. தாவரச் சாயங்களும் வேறு சில நிறங்களும் வெயில் பட்டால் வெளிறிவிடும். எனவே நூதனசாலைகளில் இவற்றை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியிலேயே காட்சிக்கு வைப்பர். சில மாதங்களின் பின் எடுத்து இருண்ட பெட்டிக்குள் ஓய்வுக்கு அனுப்புவர். நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சணமும் சேர்ந்து தாளைத் தின்னும். கல்லிற் கட்டிய நகரம் ஆயிரம் ஆண்டு நின்றது. அதனை எழுதிய தாள் இருநூறு ஆண்டு நிற்பதற்கே இத்தனை காவல் வேண்டியிருக்கிறது.

சித்திரத்தில் விழாத 1848

ஓவியர் காட்டுவழி சென்ற 1848ஆம் ஆண்டு அமைதியான ஆண்டன்று. தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சியில் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வீதிக்கு வரி என்று வரிகள் விதிக்கப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தனர். ஜூலை 26ஆம் நாள் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் மன்னனாக முடிசூட்டப்பட்டான். இரண்டு நாள் கழித்து மாத்தளை தாக்கப்பட்டது. படைச்சட்டம் பிரகடனமாயிற்று. ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். குடாபொல தேரர் என்னும் பௌத்தத் துறவி காவியுடையோடேயே சுடப்பட்டமை பிரித்தானியப் பாராளுமன்றம் வரை கண்டனத்தை எழுப்பிற்று. 1850இல் டொரிங்டனும் டெனன்றும் பதவியினின்று திருப்பியழைக்கப்பட்டனர்.

சித்திரத்திலே காவியுடுத்த துறவி தூபியின் நிழலில் அமைதியாக அமர்ந்திருக்கிறார். சித்திரத்துக்கு வெளியே, அதே ஆண்டில், காவியுடுத்த துறவியொருவர் துப்பாக்கிகளின் முன் நிறுத்தப்படுகிறார். இரண்டும் ஒரே நாட்டின் உண்மைகள். முதலாவது மட்டும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்பட்டது.

அக்காலத்தில் இவ்விடங்கள் மனிதவாடையற்றுக் கிடந்தன என்பதும் முழு உண்மையன்று. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் நடப்பட்ட அநுராதபுரத்துப் போதிமரத்தைக் காடு சூழ்ந்த நூற்றாண்டுகளிலும் காத்து வழிபட்டோர் இருந்தனர். யாத்திரிகரும் வந்துகொண்டிருந்தனர். நம் நாட்டில் யாத்திரை என்பது பெரும்பாலும் கூட்டமாகச் செய்வது. குழந்தை குட்டிகளோடு, சட்டி பானைகளோடு, பாட்டும் பேச்சுமாகச் செல்வது. ஓவியர் அந்தக் கூட்டத்தை ஒதுக்கி ஒருவரைத் தேர்ந்தபோது, ஒரு சமுதாயத்தின் வழிபாடு ஒருவனின் ஏக்கமாக மாறிவிட்டது.

அதே காட்டில் நடந்தவர்கள்

மலையக வாசகர் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி இனி வருவது. நிக்கொல் காடுகளில் சித்திரமெழுதிய அந்நாட்களிலே, வடக்குக் காடுகளின் ஊடாக இன்னொரு பெருங்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரே அவர்கள். தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து வன்னிக் காட்டையும் வறண்ட நிலத்தையும் கடந்து, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் தூரம் கால்நடையாக வந்தனர். ஊவாவுக்கு வரவேண்டியோருக்கு அங்கிருந்து இன்னும் பல நாள் மலைநடை காத்திருந்தது.

குடிநீரின்றியும், பசியாலும், பேதியாலும் அம்மையாலும் வழியிலே விழுந்தோர் எண்ணிறந்தவர். 1841 முதல் 1848 வரை இத்தீவுக்கு வந்த தொழிலாளருள் எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இத்தொகை மிகையானதென்பர். எத்தனை கழித்தாலும் எஞ்சுவது பெருந்துயரமே. அந்த வடபாதை 1899ஆம் ஆண்டில்தான் மூடப்பட்டது.

அப்பாதை மிகிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் அண்மையிலே சென்றது. சிதைந்த தூபிகளையும் கற்றூண்களையும் அவர்களும் கண்டிருப்பர். அவர்களுள் எத்தனை பேர் அக்கற்களின் அருகே கைகூப்பினரோ! வழியில் விட்டுவந்த குழந்தைக்காக ஒரு தாய் வேண்டியிருப்பாள். காய்ச்சலுற்ற கணவனுக்காக ஒரு மனைவி வேண்டியிருப்பாள். இடிபாடுகளின் நடுவே தனி வணக்கம் என்ற சித்திரத்துக்கு இவர்களைவிடப் பொருத்தமான மாந்தர் யாவர்? ஆயினும் இடிபாட்டுச் சித்திரங்களில் வணங்கும் உருவமாக இவர்களுக்கு இடமில்லாது போயிற்று. காரணம் எளிது. அவர்கள் பழமையின் சின்னமல்லர்; புதிய வாணிகத்தின் கூலிகள். அழகைத் தேடி வந்த கண்ணுக்கு அவர்கள் பாதையோரத்துத் தூசியாகவே பட்டனர்.

பதுளையிலேயே இதற்கோர் ஒப்புமை காணலாம். உதவி அரசாங்க அதிபராயிருந்து வீதிகள் அமைத்தவரும், யானைகளைச் சுட்டுக் குவித்தவருமான மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த புனித மாற்கு ஆலயம் இன்றும் நிற்கின்றது. அவ்வீதிகளில் நடந்து வந்து மாண்டோருக்கு எந்த நினைவுக்கல் உண்டு?

வானவன்மாதேவி ஈச்சரம்

ஓவியர் எழுதிய தனி வணக்கம் கற்பனை கலந்ததாயினும், உண்மையான தனி வணக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. பொலன்னறுவைக்குச் செல்வோர் இரண்டாம் சிவாலயம் எனக் குறிக்கப்படும் கற்கோயிலைக் காணத் தவறலாகாது. பதினோராம் நூற்றாண்டிலே சோழர் அந்நகரை ஆண்டபோது கட்டியது. வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பெயர். முதலாம் இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமான அரசியின் பெயரால் அமைந்தது. அதிராசேந்திர சோழன் பெயர் சொல்லும் தமிழ்ச் சாசனம் அங்கு உண்டு. 1070ஆம் ஆண்டளவில் முதலாம் விசயபாகு அந்நகரைச் சோழரிடமிருந்து மீட்டான். அதன் பின் அந்நகரில் எழுந்த சிங்கள மன்னரின் மாளிகைகள் பல கூரையிழந்து நிற்க, இச்சிறு கற்கோயில் விமானத்தோடு முழுமையாக நிற்கின்றது.

அதற்கு அண்மையிலுள்ள முதலாம் சிவாலயத்தின் நிலத்தைப் பெல் அகழ்ந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், நடராசர், உமை, நாயன்மார் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. அவை கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன. கோயிலினின்று நூதனசாலைக்குச் சென்ற தெய்வம் கலைப்பொருளாகிறது. கோயிலிலேயே எஞ்சிய சிவலிங்கம் தெய்வமாகவே இருக்கின்றது. சட்டத்தின்படி அது தொல்பொருட் சின்னம். நடப்பிலோ அங்கே மலரிட்டு, சூடம் ஏற்றி, கைகூப்பிச் செல்வோர் இன்றும் உளர். மணியும் மேளமும் இல்லை. நாள்வழிபாடு செய்யக் குருக்களும் இல்லை. வந்தவரும் கல்லும் மட்டுமே. நாம் தொடக்கத்தில் கூறிய சித்திரம் இங்கே சதையும் உயிருமாகக் காட்சி தருகின்றது.

ஊவாவின் கற்கள்

ஊவாவிலும் புராதனக் கற்களுக்குக் குறைவில்லை. வெல்லவாயவுக்குத் தெற்கே புதுருவகலையில், யானை படுத்திருப்பதுபோன்ற பாறையின் முகத்தில் ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவே நிற்கும் புத்தர் 51 அடி உயரம் உடையவர். அருகில் அவலோகிதேசுவரரும் தாரையும் நிற்பதனால் அது மகாயான பௌத்தத்தின் தடம் என்பது தெளிவு. பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தோவ விகாரையில், முற்றுப்பெறாத ஒரு பெரும் புத்தர் உருவம் பாறையினின்று பாதி வெளிவந்த நிலையில் நிற்கின்றது. மாளிகாவிலவில் ஏறத்தாழ 11 மீற்றர் உயரமான புத்தர் சிலை பல காலம் காட்டில் வீழ்ந்து துண்டுபட்டுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் நிமிர்த்தப்பட்டது.

பதுளை நகரிலே ஒரு கற்றூண் உண்டு. 1857இல் ஜோன் பெய்லி என்னும் அரசாங்க அதிகாரி சொரபொர வாவியை அண்டிய காட்டிற் கண்டது. பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டின் சாசனம் அதில் வெட்டப்பட்டுள்ளது. மகியங்கனைக்கு வழிபட வந்த மன்னனிடம், ஓபிட்டிகமச் சந்தையின் வணிகரும் குடிகளும் அதிகாரிகளின் கொடுமைபற்றி முறையிட, மன்னன் வகுத்த ஒழுங்குகளே அதன் பொருள். மன்னன் வணங்க வந்த இடத்தில் மக்கள் வழக்குரைத்தனர்! வணக்கமும் வாழ்க்கையும் நம் நாட்டில் பிரிந்திருக்கவில்லை என்பதற்கு இத்தூண் நல்ல சாட்சி.

இவற்றோடு ஊவாவில் இன்னொரு வகை இடிபாடும் உண்டு. காப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலிற் காணப்பட்டது 1869ஆம் ஆண்டில், நம் மடுல்சீமையிலே. அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. அக்காலத்துக் கட்டடங்கள் பல அத்திவாரக் கற்களாகவே எஞ்சின. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அதன்பின் தொகுதி தொகுதியாகக் குடும்பங்கள் வெளியேறின. லயங்கள் வெறிச்சோடின. அவர்கள் வணங்கிய சிறு கோயில்களும் கல்லுருவங்களும் மலையிலே நின்றுவிட்டன.

அத்தெய்வங்கள்தாம் எத்தனை! லயத்தின் அருகே மாரியம்மன், மலையுச்சியில் முனியாண்டி, தொழிற்சாலைச் சக்கரங்களின் பக்கத்தில் ரோதைமுனி, தேயிலை வெட்டும் காலத்துக்குக் கவ்வாத்துச் சாமி. தொழிலின் ஒவ்வோர் அபாயத்துக்கும் ஒரு காவல் தெய்வத்தை நம் முன்னோர் நிறுத்தினர். அவற்றுக்குக் கோபுரமில்லை, சாசனமில்லை. மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், எண்ணெய்க் கறை படிந்த ஓர் அகல். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து ஒரு நொடி கைகூப்பிவிட்டு மலையேறும் பெண்ணின் வணக்கம், எந்த நீர்வண்ணச் சித்திரத்திலுள்ள வணக்கத்துக்கும் தாழ்ந்ததன்று.

எழுதிவைக்க வேண்டியவர் யார்?

தூபிகளை அரசாங்கம் காக்கின்றது. கல்வெட்டுகளை அறிஞர் படிக்கின்றனர். அவற்றின் பழைய தோற்றத்தை நிக்கொல் போன்றோர் எழுதிவைத்தனர். மரத்தடிக் கல்லை யார் காப்பார்? தேயிலை மலை காடாகும்போதும், வீதி அகலமாகும்போதும், பழைய கல் அகற்றப்பட்டுப் புதிய சுதைச் சிலை வைக்கப்படும்போதும் அது சத்தமின்றி மறைகின்றது. மண்ணே மூடிவிடுவதும் உண்டு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை ஊவா மக்கள் மறக்க வல்லரோ? ஒரு தலைமுறையின் நினைவுகள் ஒரு காலைப் பொழுதில் மண்ணுக்குள் போயின.

ஆதலின் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்திலுள்ள பழைய வணக்கத்தலம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பென்சிலாலோ நீர்வண்ணத்தாலோ அதனை எழுதுங்கள். கைத்தொலைபேசியாற் படமெடுப்பதும் நன்றே. ஆயினும் ஒரு மணி நேரம் அமர்ந்து எழுதும்போது கண் காண்பதைக் கருவி காண்பதில்லை. கல்லின் உயரத்தையும் மரத்தின் பெயரையும் குறியுங்கள். அது யாருடைய தெய்வம், யார் நட்டது, எந்த மாதம் பூசை, எப்போது நின்றது என்பவற்றை வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். நாளும் இடமும் மறவாது இடுங்கள். பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

அவ்வாறு எழுதும்போது நிக்கொலிடமிருந்து ஒன்றைக் கொள்ளுங்கள், ஒன்றைத் தள்ளுங்கள். கொள்ள வேண்டியது அவருடைய பொறுமை. காட்டில் ஐந்து வாரம் நடந்து, கண்டதைத் தாளிற் பதித்த உழைப்பு போற்றத்தக்கது. தள்ள வேண்டியது, வணங்குபவனைப் பெயரற்ற நிழலாக நிறுத்திய அக்காலத்து வழக்கம். உங்கள் சித்திரத்தில் கைகூப்பி நிற்பவருக்கு முகம் இருக்கட்டும். அவர் அநுமதித்தால் பெயரும் இருக்கட்டும். அவர் எதற்காக வேண்டிக்கொண்டார் என்பதும் அருகே ஒரு வரியில் இருக்குமானால், பின்வரும் தலைமுறை அக்கல்லை வெறும் கல்லென்று கடந்து செல்லாது.